வடகடல் பல்கலைக்கழகமும் என் சைக்கிளும்

பொறாமை என்பது கீழ்மட்ட ஊழியர்களுக்கு மட்டும் வரும் வியாதி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் துணைவேந்தர் தென்சென்னைக்கு ஒரு கருத்தரங்குக்குப் போய்த் திரும்பிய நாளில், அது பதவி பார்த்து வருவதில்லை என்று தெரிந்துகொண்டேன்.

அங்கே மான்கள் மேயும் ஒரு வளாகத்தில் ஆலமரங்களுக்கு நடுவே மாணவர்களும் பேராசிரியர்களும் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்களாம். வெள்ளைத் தாடி வைத்த பேராசிரியர் ஒருவர், முன்கூடையில் புத்தகங்களோடு வந்தவர், இவரைப் பார்த்துக் கையசைத்துவிட்டு மணி அடித்துக்கொண்டே போயிருக்கிறார். கையசைத்ததைக்கூட எங்கள் துணைவேந்தர் பொறுத்துக்கொண்டிருப்பார். மணி அடித்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. எண்ணூருக்குத் திரும்பும் வழியில் கல்மண்டபம், டோல்கேட், திருவொற்றியூர் என்று ஒவ்வொரு இடத்திலும் லாரிகளுக்கு நடுவே கார் மாட்டிக்கொண்டு நிற்க நிற்க, பின்சீட்டில் ஐயா புகைந்துகொண்டே வந்ததாக அவருடைய டிரைவர் சொன்னார்.

மறுநாள் காலை அவசரக் கூட்டம்.

"அவங்ககிட்ட மான் இருக்கு. ஆலமரம் இருக்கு. மிதிவண்டி இருக்கு. நம்மகிட்ட என்ன இருக்கு?" என்று துணைவேந்தர் கேட்டார்.

பதிவாளர் எழுந்து, நம்மிடம் கடல் இருக்கிறது என்றார்.

"அது எண்ணூருக்கே இருக்கு. நமக்குன்னு என்ன இருக்கு?"

மான் வாங்க வனத்துறை சம்மதிக்காது. ஆலமரம் வளரும்வரை துணைவேந்தரின் பதவிக்காலம் காத்திருக்காது. ஆகவே மிதிவண்டி என்று முடிவானது. தரமதிப்பீட்டுக் குழு வருவதற்குள் வடகடல் பல்கலைக்கழகத்தில் ஒரு மிதிவண்டிச் சமூகம் உருவாகியிருக்க வேண்டும் என்று உத்தரவு போனது. அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. என்னைப் போன்றவர்களைக் கூட்டங்களுக்குக் கூப்பிடுவதில்லை.

என் பெயர் பாஸ்கல். வீடு கல்மண்டபத்தில். வடகடல் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் கௌரவ விரிவுரையாளர். சம்பளம் குறைவு, எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பலாம் என்ற இரண்டு விஷயத்தையும் மனம் நோகாமல் சொல்வதற்கு நிர்வாகம் கண்டுபிடித்த சொல்தான் கௌரவம். ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் எங்களைப் பணியிலிருந்து விடுவிப்பார்கள். ஜூலையில் மனசு வந்தால் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். இதற்குப் பணி இடைவெளி என்று பெயர். விடாமல் வேலை பார்த்தால் நிரந்தரம் செய் என்று கேட்டுவிடுவோம் அல்லவா? அதனால் வருஷா வருஷம் நடுவில் ஒடித்துவிடுகிறார்கள். ஒன்பது வருடமாக நானும் ஒடிவதும் ஒட்டிக்கொள்வதுமாக இருக்கிறேன்.

நிரந்தரமானவர்களுக்குத் தனி அறை, பெயர்ப்பலகை, மின்விசிறி, சுழல் நாற்காலி, நாற்காலியின் முதுகில் ஒரு வெள்ளைத் துண்டு. கௌரவமானவர்களுக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரு பெஞ்சு. சம்பளத்துக்காக ஏங்கியதைவிட அந்த வெள்ளைத் துண்டுக்காக நான் ஏங்கியதுதான் அதிகம். ஆளில்லாத அறையைக் கடந்து போனால் என் கண் முதலில் துண்டுக்குத்தான் போகும்.

எல்லாத் துண்டுகளிலும் ஜெபினுடைய துண்டுதான் என்னை அதிகம் வருத்தியது. ஜெபின் என்னோடு படித்தவன். ஒரே கோயிலில் ஞாயிறு பூசைக்குப் போய், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். புள்ளியியல் பரீட்சையில் என் பேப்பரைப் பார்த்துத்தான் எழுதினான். அவன் நிரந்தரம். எப்படிடா என்று கேட்டால், "நேரம்டா மாமு" என்பான். அந்த நேரம் என் வீட்டுப் பக்கம் மட்டும் வரவே இல்லை.

பல்கலைக்கழகத்துக்கு நான் சைக்கிளில் போகிறவன். எண்ணூர் சாலையில் ஒரு பக்கம் கடல் அரிப்புக்குக் கொட்டிய பாறைகள், இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குள் போகக் காத்துக் கிடக்கும் டிரெய்லர் லாரிகள். இரண்டுக்கும் நடுவில் ஹேண்டில் பார் அகலத்துக்கு ஒரு வழி இருக்கும். அதில் நெளிந்து வந்து சேர்ந்தால், கேட்டில் செக்யூரிட்டி துரை மறிப்பார். முதல் நாளே காரணத்தைச் சொல்லிவிட்டார்.

"நம்பர் பிளேட் இல்லாத வண்டிய உள்ள வுட்டா நான் இன்னான்னு சார் எய்திக்கிறது? நாளிக்கு எதுனா காணாம பூட்ச்சின்னா என்னிய கேப்பானுங்க."

நம்பர் இருப்பதால் கன்டெய்னர் லாரி உள்ளே போகலாம். தண்ணீர் லாரி போகலாம். சைக்கிள் போகக் கூடாது. இதைப் பற்றி நிர்வாகத்துக்கு வருடம் ஒருமுறை மனு கொடுத்தேன். வருடம் ஒருமுறை வேலையும் போய்வந்ததால், மனு கொடுத்தவர் தற்போது பணியில் இல்லை என்ற பதிலே ஒவ்வொரு முறையும் வந்தது.

கேட்டுக்கு எதிரே பச்சையம்மாவின் டீக்கடை. கடைக்கும் சாக்கடைக்கும் நடுவில் இருக்கும் ஒடுக்கமான சுவரோரம்தான் எங்கள் சைக்கிள் நிறுத்தம். விடுதியில் சமைக்கிற ஜஸீமா, பெருக்குகிற பெண்கள், எர்ணாவூர்ப் பக்கத்து மாணவர்கள் என்று எல்லோருடைய வண்டியும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். காலையில் முதலில் வந்தவருடைய வண்டி சுவரோடு போய்விடும். மாலையில் அதை எடுக்க வேண்டுமென்றால் இருக்கிற வண்டியை எல்லாம் நகர்த்த வேண்டும். யாருக்கு அவ்வளவு பொறுமை? அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. முதலில் வீட்டுக்குக் கிளம்புகிறவர் வெளியே நிற்கிற வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். யாருடையது என்று கேட்பதில்லை. மறுநாள் காலை அது திரும்பி வந்துவிடும். ஜஸீமாவின் சைக்கிளை மூன்று நாள் யாரோ ஓட்டியிருப்பார்கள், பஞ்சர் ஒட்டி, செயினுக்கு எண்ணெய் விட்டுக் கொண்டுவந்து சாய்த்திருப்பார்கள். அங்கே எந்த வண்டிக்கும் பூட்டு கிடையாது.

என்னுடையதற்கு மட்டும் பூட்டு உண்டு. நான் முனைவர் பட்டம் வாங்கியவன். என் வண்டியை யாரையும் எடுக்க விடவும் மாட்டேன், யாருடையதையும் எடுக்கவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் தினமும் மாலை என் ஒரு வண்டிக்காக எல்லா வண்டியையும் நகர்த்துவார்கள்.

"சார் வண்டின்னா சார் வண்டிதான். மைசூர் மகாராஜா குதிர மாறி தனியா நிக்கும்" என்பார் பச்சையம்மா.

எனக்கு அது பாராட்டாகத்தான் தெரிந்தது.

மிதிவண்டிச் சமூகம் உருவாகப்போகிறது என்ற செய்தி வந்ததும் என் மனம் துள்ளியது. ஒன்பது வருடமாகச் சைக்கிளில் வருகிற விரிவுரையாளர் நான் ஒருவன்தான். என்னைக் கூப்பிடாமல் யாரைக் கூப்பிடுவார்கள் என்று படிக்குக் கீழே பெஞ்சில் சட்டையை நீவிக்கொண்டு காத்திருந்தேன்.

யாரும் கூப்பிடவில்லை. அதற்கு மறுவாரம் ஜெபின் சைக்கிள் வாங்கினான்.

நீல நிறம். டயர் என் சுண்டுவிரல் அளவு. ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை. இருப்பதற்குப் போக இல்லாததற்கும் சேர்த்து விலை வாங்குவார்கள் போலிருக்கிறது. அதைத் தன் காரின் மேல் வைத்துக் கட்டிக்கொண்டு கொளத்தூரிலிருந்து வந்தான். காருக்கு நம்பர் இருக்கிறது. சைக்கிள் அதன் சாமான். துரை விறைப்பாக சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்துவிட்டார்.

டீக்கடைச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் சைக்கிள் ஒன்பது வருடமாக என்னைச் சுமந்துகொண்டு வந்து வெளியே நிற்கிறது. அவன் சைக்கிள் தரையில் கால் படாமல் காரின் தலையில் உட்கார்ந்துகொண்டு உள்ளே போகிறது. எனக்கு வயிறு எரிந்தது. இதை நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் ஷைனி கண்டுபிடித்துவிட்டாள். ஷைனி என் மனைவி. வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள்.

"இன்னா, மூஞ்சி தொங்கிகினு கீது?"

"ஜெபின் சைக்கிள் வாங்கிகினான்."

"அவன் கார் வாங்கசொல்லோகூட நீ இப்டி குந்தல. ஒரு சைக்கிளுக்கா?"

"காரு எங்கிட்ட இல்ல ஷைனி. அதனால தெர்ல. சைக்கிள் எங்கிட்ட கீதே. அதான் தாங்கல."

அவள் தையல் மெஷினை நிறுத்தினாள். பிறகு, கோயிலில் ஜெபின் மனைவி உடுத்துகிற புடவைகளைப் பற்றி அவளும் மனம் விட்டுப் பேசினாள். அன்று இரவுச் சாப்பாடு எங்களுக்கு நிறைவாக இருந்தது.

மிதிவண்டிச் சமூகத்தின் முதல் கூட்டம் பெரிய அரங்கத்தில் நடந்தது. உறுப்பினராக வாகன அனுமதி அட்டை வேண்டும், வாகன அனுமதி அட்டைக்கு நம்பர் பிளேட் வேண்டும். அதனால் உறுப்பினர்கள் அனைவரும் காரில் வந்திருந்தார்கள். கார் நிறுத்துமிடம் வழிந்து, கால்பந்து மைதானத்தில் பாதி வரை கார்கள் நின்றன. நாற்காலி நகர்த்துவதற்கு ஆள் போதாமல் கௌரவ விரிவுரையாளர்களை அழைத்திருந்ததால் எனக்குப் பின்வரிசையில் நிற்க இடம் கிடைத்தது.

துணைவேந்தர் உரையாற்றினார்.

"மிதிவண்டி என்பது ஒரு மனநிலை. மனநிலை வந்துவிட்டால் வாகனம் தானே வரும். தெற்கே சிலர் வெறுமனே ஓட்டுகிறார்கள். அவர்களிடம் கொள்கை இல்லை, குழு இல்லை, சின்னம் இல்லை. மரத்தடியில் போகிறார்கள், வருகிறார்கள். நாம் அப்படி ஓட்டிவிடக் கூடாது. ஓட்டுவதற்கு முன்னால் நாம் ஒரு சமூகமாக வேண்டும். ஓட்டுவது கடைசிக் கட்டம். அந்தக் கட்டம் வராமலே போனாலும் நான் கவலைப்பட மாட்டேன்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

குழுக்கள் பிறந்தன. தடக் குழு, வளாகத்தின் பிரதான சாலையோரம் பச்சை வண்ணத்தில் மிதிவண்டித் தடம் வரைந்தது. சுத்தமாகவும் நிழலாகவும் அந்த ஒரு இடம்தான் இருந்ததால் அதிகாரிகளின் கார்களை அதில் நிறுத்தினார்கள். கொள்முதல் குழு பச்சை நிறத்தில் புதிய மிதிவண்டிகளை வாங்கிக் குவித்தது. எங்கள் உப்புக் காற்றில் எந்த இரும்பும் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று யாரோ எச்சரித்ததால், வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே கூடாது என்று ஆணையிட்டார்கள். கொட்டகையில் வரிசையாக உறைக்குள் நின்ற அந்த வண்டிகளைப் பார்த்து, அவற்றுக்குக் கூரை இருக்கிறதே என்றுகூட நான் பொறாமைப்பட்டேன்.

மணியோசைக் குழுதான் அதிகம் உழைத்தது. துணைவேந்தரின் மனதில் அந்த வெள்ளைத் தாடிக்காரரின் மணி இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது என்பதால் அந்தக் குழுவுக்கு மட்டும் அவரே தலைவர். பல அமர்வுகளுக்குப் பிறகு நெறிமுறை வெளியானது. உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியரை முந்திச் செல்லக் கூடாது. இணைப் பேராசிரியர், பேராசிரியரை முந்துவதானால் எழுத்து மூலம் இசைவு பெற வேண்டும். துணைவேந்தரின் மணி கேட்டால் அனைவரும் இறங்கி நிற்க வேண்டும். கௌரவ விரிவுரையாளர்கள் ஓட்டலாம், மணி அடிக்கக் கூடாது.

"அப்ப முன்னாடி ஆள் வந்தா இன்னா சார் பண்றது?" என்று ஜெபினிடம் கேட்டேன். வளாகத்துக்குள் அவனை நான் சார் என்றுதான் அழைக்க வேண்டும்.

"இருமுடா" என்றான்.

இதையெல்லாம் நான் சகித்துக்கொண்டிருப்பேன். ஆனால் அந்தச் சமயத்தில்தான் மிதிவண்டிச் சமூகத்துக்கு ஒரு நிரந்தரப் பணியிடம் ஒதுக்கியிருப்பதாக அறிவிப்பு வந்தது. தனி அறை, மின்விசிறி, ஆண்டு ஊதிய உயர்வு, ஓய்வுபெறும் வரை பணி. தகுதி: இவ்வளாகத்தோடு தொடர்ச்சியான மிதிவண்டி அனுபவம்.

அறிவிப்புப் பலகை முன்னால் நின்று அதை மூன்று முறை படித்தேன். எனக்கென்றே தைத்த சட்டை மாதிரி இருந்தது.

ஷைனி ராயப்பர் கோயிலுக்குப் போய் முட்டி போட்டு வேண்டிக்கொண்டு வந்தாள். நேர்காணல் அன்று காலை என் பேண்டின் கீழ்ப்பகுதியில் இருந்த செயின் கறையை அவளே தேய்த்து எடுத்தாள்.

"ஜெபினும் வர்றானா?" என்றாள்.

"வர்றான். இப்ப கீற வேலயவிட இதுல சம்பளம் ஜாஸ்தியாம்."

"அவன் சைக்கிள் ஓட்டி யாருனா பாத்துக்கீறாங்களா?"

"இல்ல."

"அப்பால இன்னா? தகிரியமா போ."

நேர்காணல் அறையில் துணைவேந்தர், பதிவாளர், வெளியிலிருந்து வந்த நிபுணர் என்று மூவர் இருந்தார்கள். நிபுணர் கப்பல் இன்ஜின் துறையைச் சேர்ந்தவர். மூன்று நாற்காலியிலும் வெள்ளைத் துண்டு இருந்தது. எனக்கு ஸ்டூல்.

"வளாகத்துக்குள் மிதிவண்டி ஓட்டுவதில் நீங்கள் சந்தித்த சவால்கள் என்ன?" என்று நிபுணர் கேட்டார்.

"வளாகத்துக்குள்ள விட்டதே இல்லீங்க சார். கேட்டுலயே நிறுத்திடுவாங்க."

"அப்படியானால் வளாக அனுபவம் இல்லை."

"ஒன்பது வருஷமா தினம் வர்றேன் சார்."

"கேட் வரைக்கும்" என்றார் பதிவாளர். "ஜெபின் சாருடைய மிதிவண்டி மூன்று மாதமாக வளாகத்துக்குள் இருக்கிறது. காரின் மேல் இருந்தாலும் உள்ளேதான் இருக்கிறது."

துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, ஒன்பது வருஷம்னு சொல்றீங்க. அது தப்பு. வருஷா வருஷம் உங்களுக்கு இடைவெளி விட்டிருக்கோம். நீங்க பாத்தது ஒன்பது வருஷ வேலை இல்ல. ஒரு வருஷத்துக்குக் குறைவான வேலைய ஒன்பது தடவ பாத்திருக்கீங்க. தொடர்ச்சி எங்க?"

"இடைவெளியிலயும் வந்திருக்கேன் சார். மே, ஜூன் எல்லாம். சம்பளம் கெடையாது. ஆணை வந்துச்சான்னு கேக்க தினம் காலைல சைக்கிள எடுத்துக்கினு கேட்டுக்கு வருவேன். ஒரு நாள் விட்டதில்ல."

"சாட்சி?"

நான் ஓடிப்போய் பச்சையம்மாவைக் கூட்டிவந்தேன். டீ வடிகட்டுகிற துணியைத் தோளில் போட்டபடியே வந்துவிட்டார். முதல் முறையாக அந்தக் கேட்டுக்குள் வந்தவர் என்றாலும் துளியும் பயம் இல்லை. அந்த மூன்று பேரையும், ஸ்டூலில் என்னையும் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா சார் கேக்குறீங்க? மே மாசமா? கத்திரி வெயில்லகூட வந்து நின்னுகினுதான் கீது. மழ வெள்ளம் வந்து ரோட்டுல கம்பெனி எண்ண மெதந்துச்சே, அன்னிக்கும் நின்னுச்சி. எங்கூட்டுக்காரு செத்த அன்னிக்கு நான் கட சாத்திட்டேன். அப்பவும் நின்னுச்சின்னு சொன்னாங்கோ. ஒம்போது வருசத்துல நான் பாக்காத நாளே கெடையாது. மாதாமேல சத்தியமா சொல்றேன்."

பச்சையம்மா இந்து. எனக்காக என் மாதாவின்மேல் சத்தியம் செய்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பதிவாளர் குறுக்கிட்டார். "அம்மா, நீங்க பாத்தது இவரையா? இவர் வண்டியையா?"

"வண்டியத்தான் சார். வண்டி நின்னா சாரு வந்துகீறாருன்னு அர்த்தம். அவுரு உள்ளாற போறாரா, கேட்டாண்ட நின்னு பொலம்பிகினு கீறாரான்னு நான் இன்னாத்துக்கு பாக்குறேன்? எனுக்கு வேற வேல இல்லியா? அந்தாண்ட பூட்டு போட்ட வண்டி இது ஒன்னுதான். அத்த எடத்த விட்டு எவனும் அசக்கிகூட பாத்தது இல்ல."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிபுணர் எதையோ குறித்துக்கொண்டார். துணைவேந்தரின் முகத்தில், தென்சென்னையிலிருந்து திரும்பியதற்குப் பிறகு முதல் முறையாக, ஒரு வெளிச்சம் வந்தது.

"ஒன்பது வருஷம். இடைவெளியே இல்ல" என்றார் மெதுவாக.

வெளியே வந்ததும் பச்சையம்மா என் முதுகில் தட்டினார். "கவலப்படாத சார். கரீட்டா சொல்லிக்கினேன். உனுக்குத்தான்."

இரண்டு நாளில் ஜெபினே படிக்குக் கீழே வந்து என்னைத் தேடினான். "மாமு, தொடக்க விழாவுக்கு உன் வண்டிய உள்ள வுடறாங்கடா. நல்லா தொடச்சி எட்த்துகினு வா. பூட்ட மட்டும் கழட்டிடு" என்றான். அவன் முகம் வாடியிருந்தது. என் வாழ்க்கையில் ஜெபினின் முகம் வாடி நான் பார்த்தது அன்றுதான். வேலை எனக்குத்தான் என்று முடிவு செய்துகொண்டேன். அந்தச் சந்தோஷத்தை ஒளிக்கக்கூட நான் முயலவில்லை.

விழா நாளில் கேட் திறந்தது. ஒன்பது வருடத்தில் முதல் முறையாக என் சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். துரை சல்யூட் அடித்தார். பதிலுக்கு நானும் அடித்தேன். தரமதிப்பீட்டுக் குழுவினர் முன்வரிசையில் இருந்தார்கள். ஷைனி பட்டுப்புடவையில் கடைசி வரிசையில் இருந்தாள். தொண்டர்கள் வந்து சைக்கிளை வாங்கி மேடைக்கு ஏற்றி ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்கள். அதற்கு ரோஜா மாலை போட்டார்கள். ஆளுக்கு மாலை போடுவதற்கு முன் வண்டிக்குப் போடுவது மரபு என்று நினைத்துக்கொண்டேன்.

துணைவேந்தர் மைக்கைப் பிடித்தார்.

"தெற்கே இருப்பவர்களுக்கு மரங்கள் உண்டு. பாரம்பரியம் உண்டா? நம் வாசலில் ஒருவர், ஒன்பது ஆண்டுகள், மழை, வெயில், வெள்ளம் எதையும் பாராமல், சம்பளம் கேட்காமல், ஒரு நாள் இடைவெளிகூட இல்லாமல் நின்றிருக்கிறார். நாம் அவரை உள்ளே விடவில்லை. அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை."

நான் எழுந்துவிட்டேன். கால் தானாக நடந்தது. கண்ணீர் வழிந்ததால் படி சரியாகத் தெரியவில்லை. மேடையில் ஏறிவிட்டேன்.

"நிரந்தரப் பணியிடங்களில் ஆட்களை நியமிக்கக் கூடாது என்று நிதித் தடை இருக்கிறது. அதை நான் மீற மாட்டேன். ஆனால் மிதிவண்டியை நியமிக்கக் கூடாது என்று எந்த ஆணையும் இல்லை. தொடர்ச்சியான சேவை, பொறுமை, அமைதி. ஓர் ஊழியரிடம் நான் எதிர்பார்ப்பது எல்லாம் இந்த மிதிவண்டியிடம் இருக்கிறது. ஆகவே இந்த மிதிவண்டியை வடகடல் பல்கலைக்கழகத்தின் நிரந்தரப் பணியில் அமர்த்துகிறேன்!"

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. தரமதிப்பீட்டுக் குழுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மேடையின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். பதிவாளர் என் காதருகே வந்து, "வந்ததும் நல்லதாப் போச்சு. ஐயா ஏறி மிதிக்கப்போறாரு. ஸ்டாண்டு ஆடுது, பின்னாடி கேரியர கெட்டியா புடிங்க" என்றார்.

துணைவேந்தர் ஏறி உட்கார்ந்தார். நான் பிடித்துக்கொண்டேன். ஸ்டாண்டில் நின்ற வண்டியின் பின்சக்கரம் காற்றில் சுற்றியது. அவர் ஆவலோடு மிதித்தார். பிறகு தென்சென்னை இருக்கும் திசைக்கு முகத்தைத் திருப்பி, நீண்ட நேரம் மணி அடித்தார். ஜெபின் கீழே நின்று கைதட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு மிதிவண்டி அலுவலர் என்ற பட்டம் மட்டும் கொடுத்தார்கள். சம்பளம் ஏறவில்லை. தன் நீலச் சைக்கிளைக் கார் மேலிருந்து இறக்கி அந்த வாரமே விற்றுவிட்டான்.

வீட்டுக்குப் பஸ்ஸில் போனோம். டோல்கேட் அருகே பஸ் நின்றபோது ஷைனி சொன்னாள்.

"தப்பு எம்மேலதான். 'நம்ம வூட்டுல ஒர்த்தருக்கு வேல குடு சாமி'ன்னு கேட்டேன். பேர சொல்லல."

மறுநாள் காலை கேட்டுக்குப் பஸ்ஸில் வந்தேன். பச்சையம்மா கண்ணாடி டம்ளரை என் முன்னால் வைத்தார். அவருக்கு என் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது, ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னா சார், உன் வண்டிக்கு வேல கெட்ச்சிடுச்சாமே? எங்களுக்கெல்லாம் ஸ்வீட்டு இல்லியா?"

ஜஸீமாவும் பெருக்குகிற பெண்களும் சிரித்தார்கள். நான் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். வேலை கிடைத்த வண்டியின் சொந்தக்காரன் வேறு என்ன செய்ய முடியும்?

மாலையில் பஸ்ஸுக்கு நின்றபோது பச்சையம்மா அதட்டினார். "இன்னாத்துக்கு நின்னுகினு கீற? வெளிய நிக்கிறத இஸ்துகினு போ. நாளிக்கு காலைல கொண்டாந்து சாய்ச்சிடு." வெளியே நின்றது ஜஸீமாவின் லேடீஸ் சைக்கிள். தயங்கித் தயங்கி எடுத்தேன். எடுப்பதற்கு ஒரு வண்டியையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் ஏதாவது ஒரு வண்டியில் போய் வருகிறேன்.

ஏப்ரல் முடிந்தது. வழக்கம்போல் என்னை விடுவித்தார்கள். மே மாதம் வழக்கம்போல் ஆணை வந்ததா என்று கேட்க, யாருடையதோ ஒரு சைக்கிளில் கேட்டுக்கு வந்தேன்.

"ஆர்டர் எதுனா வந்துச்சா துரை?"

துரை தலையைச் சொறிந்தார். "உனுக்கு இன்னும் வர்ல சார்." கொஞ்சம் தயங்கிவிட்டு, சொல்லாமல் இருக்க முடியாமல் சொன்னார். "உன் வண்டிக்கு இங்கிரிமென்ட்டு வந்துகீது."

கேட்டுக் கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். கேட்டை ஒட்டிய பிரதான கட்டடத்தின் முகப்பில், என் மாடிப்படிக்கு நேர் எதிரே, கண்ணாடி வைத்த தனி அறை. பெயர்ப்பலகை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே என் சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. செயினில் துரு ஏறியிருந்தது. எண்ணெய் விட யாரும் இல்லை, ஓட்ட யாரும் இல்லை. ஆனால் அதன் சீட்டின் மேல், சலவை மடிப்புக் கலையாமல், ஒரு வெள்ளைத் துண்டு போட்டிருந்தார்கள்.

ஜெபின் மேல் எனக்கிருந்த பொறாமை அந்த நிமிஷத்தோடு தீர்ந்துபோனது.